வாலில் ‘பி’, கோப்பில் ‘டி’

விமானம் ஓட்டுகிறவனின் வேலையில் பாதி தரையில்தான் நடக்கும், அதுவும் கடதாசிக்குள் தலையை விட்டபடி நடக்கும்.

ஏதாவது ஒரு கௌண்டருக்குப் பின்னால் இருந்துகொண்டு “இது இல்லாமல் செய்ய ஏலாது” என்று சொல்லி, முன்னால் நிற்பவரின் ஏச்சை வாங்கிக் கட்டியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம், ஆனால் அவர்கள் இதில் வரும் ஹாஜியார் பக்கம்தான் நிற்பார்கள்.

பென்சன்

நான் ஓட்டுவது நீங்கள் படங்களில் பார்க்கிற பெரிய விமானம் அல்ல. பன்னிரண்டு பேர் ஏறலாம், மூக்கில் ஒரே ஒரு விசிறி. கொழும்பில் உள்ள ஒரு சின்னக் கம்பனி அதை வேன் வாடகைக்கு விடுவதுபோல் விடுகிறது. கலியாணம், வியாபாரம், வைத்தியம் என்று யார் யாரோ எடுப்பார்கள்.

லீவில் கிழக்கிலங்கையில் உள்ள என் ஊர் சாய்ந்தமருதுக்கு வந்தால், தேத்தண்ணிக் கடையில் “இப்ப எந்த ரூட்டுல ஓடுறீங்க?” என்பார்கள். கொழும்பிலிருக்கும் மகளுக்கு ரெண்டு முட்டி தயிர் கொண்டுபோகச் சொல்வார்கள். ஒருவர், தன் வீட்டுக்கு மேலால் போகும்போது ஹோன் அடிக்கும்படி கேட்டிருக்கிறார். விமானத்தில் ஹோன் கிடையாது என்றேன். நான் இன்னும் நல்ல விமானத்துக்குப் போகவில்லை என்று அவர் விளங்கிக்கொண்டார்.

இதெல்லாம் பரவாயில்லை. எனக்குக் கலியாணம் பேசி மருதமுனைக்குப் போனபோது, மாமியாராகப் போகிறவர் திரைக்குப் பின்னால் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை அடி உயரத்தில் பறப்பேன், எந்தெந்த ஊரில் இறங்குவேன் என்று என் சாச்சா, வாப்பாவின் தம்பி, பெருமையாகச் சொல்லி முடித்ததும், திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது.

“பிளேன் ஓட்டுறது சரிதான் மகன். பென்சன் இரிக்கா?”

சாக்குக் கழிவு

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

எங்கள் பகுதியில் அரிசி மில் வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் இருக்கிறார். என் வாப்பாவின் கூட்டாளி. என்னைச் சின்ன வயதிலிருந்தே “தம்பி” என்றுதான் கூப்பிடுவார். அவருடைய மகன் அஸ்ஹருக்குக் கொழும்பில் பெண் சரிவந்தது. அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு அங்கே நிகாஹ். ஊரில் இதுவரை எந்த மாப்பிள்ளையும் விமானத்தில் போய் இறங்கியதில்லை என்பது ஹாஜியாருக்கு எப்படியோ நினைவுக்கு வந்துவிட்டது. எங்கள் கம்பனி விமானத்தை எடுத்தார். ஓட்டுவது நான் என்று தெரிந்ததும், பள்ளிவாசலில் கண்டவர்களுக்கெல்லாம் “நம்மட தம்பிதான் பைலட்” என்று சொல்லி வைத்தார்.

காலையில் ஊருக்குக் கிட்ட உள்ள ஓடுதளத்துக்கு வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையும் ஒரு வீடியோக்காரரும் உட்படப் பத்துப் பேர், வட்டிலப்பத் தட்டுகள், தொதல் என்று இனிப்புகள். சின்ன விமானத்தில் ஆளையும் பெட்டியையும் நிறுத்து எழுதாமல் ஏற்ற முடியாது. பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஹாஜியார் தராசில் ஏறி, படம் எடுக்க நிற்பதுபோல் நின்றார். அவர் மனைவியை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். மாமி தராசைக் கண்டதும், அபாயா அங்கியைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய்விட்டார். ஆம்பிளைகள் எல்லாரும் மறுபக்கம் திரும்ப வேண்டும், நான் எண்ணை வாயால் சொல்லக்கூடாது என்ற நிபந்தனைகளோடு கடைசியில் ஏறினார். நான் பேசாமல் எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

“மகன், இவர் நெல்லு வாங்கக்குள்ள சாக்குக்கு ஒரு கிலோ கழிக்கிறார்தானே? எனக்கும் அபாயாவுக்குக் கழிச்சிட்டு எழுதுங்க.”

பிரியாணிட ‘பி’

நான் வெளியில் சில்லுகளையும் இறக்கையையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, வீடியோக்காரர் என்னைக் கேட்காமலே எல்லாரையும் ஏற்றிவிட்டார். படி ஏறுகிற காட்சி மூன்று முறை எடுக்கப்பட்டது. இரண்டாவது முறை ஹாஜியாரின் தொப்பி சரியில்லை.

அன்றைக்கு வந்திருந்தது நான் வழக்கமாக ஓட்டுகிற விமானம் அல்ல. அது கொழும்பில் திருத்த வேலையில் நின்றதால், அதே கம்பனியின் இன்னொரு விமானத்தை முதல் நாள் பின்னேரம் வேறொரு பைலட் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போயிருந்தார். ஒரே நிறம், ஒரே அளவு, இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். வாலில் எழுதியிருக்கும் பதிவெழுத்தில் கடைசி எழுத்து மட்டும்தான் வித்தியாசம். நான் ஓட்டுவது ‘டி’. இது ‘பி’.

என் துணைப் பைலட் சுரேன் பக்கத்து ஊரான காரைதீவுப் பையன், அதிகம் கதைக்க மாட்டான். அவன் விமானத்தின் கோப்பைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு, பக்கத்திலேயே நின்றான். திறந்தேன். பதிவுச் சான்றிதழ், பறக்கத் தகுதி என்ற சான்றிதழ், காப்புறுதி, பாரக் கணக்கு, திருத்த வேலைப் புத்தகம், எல்லாம் ஒழுங்காக, பிளாஸ்டிக் உறை போட்டு, அழகாக இருந்தன. எல்லாம் ‘டி’.

விமானத்தில் நேற்று எதைக் கழற்றினார்கள், எதைப் பூட்டினார்கள், யார் பார்த்து ஒப்பம் வைத்தார் என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கும். அது இல்லாவிட்டால் எனக்கு முன்னால் நிற்பது நன்றாகக் கழுவித் துடைத்த ஒரு தகரம், அவ்வளவுதான். கொழும்புக்குப் போன் அடித்தேன். மெனேஜர் எடுத்தார்.

“கோப்பு மாறி வந்திரிக்கி. இது ‘பி’. நீங்க அனுப்பினது ‘டி’.”

“ஓம், ‘டி’தான். சரிதானே?”

“‘டி’ இல்ல, ‘பி’!”

“அதத்தான் நானும் சொல்றேன், ‘டி’.”

எழுத்து குழம்பாமல் சொல்வதற்கென்றே உலகம் முழுக்கப் பைலட்மார் பாவிக்கிற சொற்கள் இருக்கின்றன. கோபத்தில் ஒன்றும் வாயில் வரவில்லை. “‘பி’! பிரியாணிட ‘பி’!” என்று கத்தினேன். விமானத்தின் வாசலில் மாமியின் தலை தெரிந்தது.

“பிரியாணிக்கு என்னவாம் மகன்? பிந்துமோ?”

கைநாட்டு

மெனேஜர் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அவருக்கு முன்னால் நாலு போன், அவருக்கு மேலே ஒரு முதலாளி. “நேத்து வந்த பைலட் இதே கோப்போடதானே ஓட்டிட்டு வந்தார்? ஒண்ணும் நடக்கலையே?” என்றார். ஒன்றும் நடக்காததை ஒரு சான்றிதழாகக் கோப்பில் வைக்க ஏலாது என்றேன். சரி, ‘பி’யின் புத்தகத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், அதைப் பார்த்துவிட்டு எடுங்கள் என்றார்.

படம் வந்தது. பாதிப் பக்கத்தை யாரோ ஒருவரின் பெருவிரல் மறைத்திருந்தது. நகம்கூடத் தெளிவாக இருந்தது, எழுத்துத்தான் இல்லை. மறுபடி கேட்டேன். இரண்டாவது படம் நன்றாக வந்தது. அதுதான் சங்கடமாகப் போனது. முதல் நாள் பகல் இடது பக்கச் சில்லின் பிரேக்கை மாற்றியிருக்கிறார்கள். என்ன மாற்றினோம் என்று எழுதியிருந்தது. மாற்றிய பிறகு பொறியியலாளர் பார்த்துப் பரிசோதித்து ஒப்பம் வைக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. அவர் எங்கே என்றேன். ஊருக்குப் போய்விட்டார், போன் வேலை செய்யவில்லை என்றார்கள்.

மெனேஜர் கடைசியாகச் சொன்னது இதுதான்: எடுக்காவிட்டால் நாளைக் காலை ஒன்பது மணிக்குத் தலைமை அலுவலகத்தில் வந்து நின்று காரணம் சொல்லுங்கள். அதில் இருந்த அர்த்தம் எனக்கு விளங்கியது. வீட்டுக் கடன் ஞாபகம் வந்தது. உள்ளே பத்துப் பேர் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. ஒரு நிமிசம், சத்தியமாக ஒரு நிமிசம், பிரேக்கை நானே மிதித்துப் பார்த்துவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்தேன். மிதித்தும் பார்த்தேன். நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் நிற்கிற விமானத்தில் எந்தப் பிரேக்கும் நன்றாகத்தான் பிடிக்கும். சுரேனைப் பார்த்தேன். அவன் முதல் படத்தை மறுபடி பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சேர், ஒப்பம்தான் இல்ல. கைநாட்டாவது வந்திருக்கே.”

காக்காட ஐ.சி.

அவன் சொன்னதற்குச் சிரித்தேன். சிரித்ததும் மனம் தெளிந்துவிட்டது. கைநாட்டை நம்பிப் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போக முடியாது. படி ஏறி உள்ளே தலையை விட்டேன்.

“தம்பி, ஏன் இன்னும் ஸ்டார்ட் பண்ணல்ல?” என்றார் ஹாஜியார்.

“இண்டைக்கு எடுக்க ஏலா ஹாஜியார். பிளேன்ட பேப்பர் சரியில்ல.”

“பேப்பர்தானே. பிளேன்ல என்ன பிழை?”

“பிழை இரிக்கா இல்லையா எண்டு எனக்குத் தெரியா. அதான் பிழை.”

விளங்கவில்லை. விளங்கினாலும் ஏற்றுக்கொள்ளும் முகம் அல்ல அது. மாப்பிள்ளை, மாமி, மருமகள்மார் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். எப்படிச் சொன்னால் எங்கள் ஊர் மனிதனுக்கு ஏறும் என்று யோசித்தேன். யுத்த காலத்தில் பயணம் செய்த எவருக்கும் மறக்காத ஐ.சி. என்ற அடையாள அட்டை இருக்கிறதே, அதைப் பிடித்தேன். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். “ஹாஜியார், அந்தக் காலத்தில செக் பொயின்ட்ல உங்கட ஐ.சி.ய விட்டுட்டு உங்கட காக்காட ஐ.சி.ய நீட்டினா, ஆமிக்காரன் விடுவானா? இந்தப் பிளேன் இப்ப காக்காட ஐ.சி.ய வெச்சிக்கிட்டு நிக்கிது.”

நல்ல உதாரணம் என்று எனக்கே ஒரு திருப்தி. ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

“விட்டானே! நான் காக்காட ஐ.சி.லதானே அந்தக் காலம் முழுக்கக் கொழும்புக்கு அரிசி ஏத்தின!”

கொஞ்சம் மேகம்

சரியான கோப்பு கொழும்பிலிருந்து தரை வழியாக வந்து சேர இரவாகிவிடும். வேறு விமானமும் இல்லை. இஷாவுக்குள் கொழும்பு போய்ச் சேர ஒரே வழி, வந்த வேனிலேயே திரும்ப ஏறுவதுதான். “அப்ப இறங்கிறதா?” என்றார் மாமி. “இறங்கிறதுதான்,” என்றார் ஹாஜியார். அதற்குப் பிறகு அவர் என்னைத் “தம்பி” என்று கூப்பிடவில்லை. “கெப்டன் சொல்றார், எல்லாரும் இறங்குங்க” என்றார். அந்தக் “கெப்டன்” என்ற சொல்லை அவ்வளவு கசப்பாக நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். வட்டிலப்பத் தட்டுகள் இறங்கின. தொதல் இறங்கியது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார். யாரும் நிறுத்தச் சொல்லாததால் வீடியோக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியாக ஹாஜியார் தரையில் கால் வைத்ததும், கமெராவைத் தாழ்த்திவிட்டு, மிகவும் பக்குவமாக அவர் காதுக்குப் பக்கத்தில் போய்க் கேட்டார்.

“ஹாஜியார், ஏறினதையும் எடுத்துட்டன், இறங்கினதையும் எடுத்துட்டன். நடுவுல கொஞ்சம் மேகம் போட்டுரட்டா?”

கடைசி சீட்

சுரேன் விமானத்துக்குக் காவலாக நின்றான். நான் மறுநாள் ஒன்பது மணிக்குக் கொழும்பில் நிற்க வேண்டியவன். எப்படிப் போவது என்று பேக்கோடு நின்றுகொண்டிருந்தேன். வேன் புறப்பட்டது, பத்து யார் போய் நின்றது. மாமி கண்ணாடியை இறக்கி, “வெயிலுக்குள்ள நிக்காம ஏறுங்க மகன்” என்றார். ஹாஜியார் முன் சீட்டில் இருந்து திரும்பியே பார்க்கவில்லை.

எனக்குக் கிடைத்தது கடைசி சீட், மடியில் ஒரு வட்டிலப்பத் தட்டு. பைலட் யூனிபோமோடு, தோளில் நான்கு கோட்டோடு, ஆடாமல் அசையாமல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எந்த இறக்கத்திலும் அவ்வளவு கவனமாக நான் இருந்ததில்லை. கொஞ்சத் தூரம் போனதும் மாப்பிள்ளை அஸ்ஹர், முன்னால் வெக்கையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, என் பக்கத்தில் வந்து இருந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் வாப்பாவின் தலையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். விடியத் தொடக்கம் அவர் ஒன்றும் சாப்பிடவில்லையாம். பிளேனில் ஏறி இருந்ததும் கை வேர்த்து, பெல்ட் கொளுவவே முடியவில்லையாம்.

“காக்கா, எனக்கு இண்டைக்கு ரெண்டு பயம். கலியாணம் ஒண்டு, பிளேன் ஒண்டு. அல்லாட காவல், நீங்க ஒண்டக் குறைச்சிட்டீங்க.”

நடு ரோட்டில்

வழியில் மஹாஓயா தாண்டியும் ஹாஜியார் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. ட்ரைவரோடு கதைத்தார், மகனோடு கதைத்தார், போனில் கொழும்புச் சம்பந்தியோடு கதைத்தார். “ஓம், ஓம், பிளேன்ல சின்னச் சுணக்கம்” என்று அவரிடம் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. அப்போதுதான் எனக்கு உண்மையில் வலித்தது. மனிதர் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தவர். நான் செய்தது சரிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சரியைச் செய்துவிட்டு, அதனால் தலை குனிந்தவரின் பின்னால் மூன்று சீட் தள்ளி உட்கார்ந்து வருவது, வாசகர்களே, லேசான காரியம் அல்ல.

காட்டுப் பாதையில் ஒரு வளைவில் வேன் சட்டென்று நின்றது. நடு ரோட்டில் ஒரு யானை. தனி யானை. எங்களைப் பார்த்தது, பிறகு பக்கத்துப் புல்லைப் பார்த்தது, இரண்டுக்கும் அவசரம் இல்லை என்று முடிவெடுத்ததுபோல் அப்படியே நின்றது. ட்ரைவர் எஞ்சினை நிறுத்தினார். மாமியின் உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. வெகு நேரம். அந்த அமைதிக்குள், அன்று காலைக்குப் பிறகு முதல் தடவையாக, ஹாஜியார் மெதுவாகப் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார்.

“கெப்டன், போய் அவன்ட பேப்பரையும் பாத்துட்டு வாங்க.”

முதலில் மாமிதான் சிரித்தார், அபாயாவின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு வேன் முழுக்கச் சிரித்தது, சத்தம் வராமல், தோள்கள் மட்டும் குலுங்க. யானை சிரிக்கவில்லை, ஆனால் போய்விட்டது. அதற்குப் பிறகு மஹியங்கனை வளைவுகளில் ஹாஜியாரின் மருமகள் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். என்னிடமிருந்த ஒரே பயனுள்ள சாமான், விமானத்தில் பயணிகளுக்குக் கொடுக்கிற கடதாசிப் பை. இரண்டு கொடுத்தேன். மாமி அதை வாங்கி முன்னுக்கு அனுப்பினார்.

“இந்தாங்க, கெப்டன்ட பேப்பர். இது சரியான பேப்பர்தான்.”

பதிவாளர்

இஷா முடிந்து ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பெண் வீட்டார் பசியோடு இருந்தார்கள், ஆனால் மரியாதையாக இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிலர் எழுந்து கைகொடுத்தார்கள். யூனிபோமைப் பார்த்து, விமானம் இப்போதுதான் பக்கத்தில் எங்கோ இறங்கியிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். நானும் கை கொடுத்தேன். ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

நிகாஹ் பதிவாளர் வயதானவர், மூக்குக்கண்ணாடி நழுவிக்கொண்டே இருந்தது. பெயர், பிறந்த இடம், பெண்ணின் பொறுப்பாளரான வலியின் பெயர், சாட்சிகள் என்று ஒவ்வொன்றாக வாசித்தார். சாட்சி ஒருவரின் பெயரில் ஓர் எழுத்து சந்தேகம் என்று அடையாள அட்டையை எடுத்து வரச் சொன்னார். அது காரில் இருந்தது, கார் அடுத்த தெருவில் இருந்தது. உள்ளே சகன் என்ற பெருந்தட்டுகளில் சாப்பாடு பரத்தியாகிவிட்டது, வாசம் வந்துகொண்டிருந்தது. பெண்ணின் மாமா ஒருவர் பொறுக்காமல், “ஒரு எழுத்துத்தானே மௌலவி, எழுதுங்க” என்றார். பதிவாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார். எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ஹாஜியார் அந்த மாமாவின் பக்கம் திரும்பினார்.

“அவர அவசரப்படுத்தாதீங்க. விடியத்திலிரிந்து இப்படியான ஆக்களோடதான் நம்மட நாள் போகுது.”

எச்சரிக்கை

மறுநாள் ஒன்பது மணிக்குத் தலைமை அலுவலகத்தில் நின்றேன். அதற்குள் பொறியியலாளர் வந்து சேர்ந்திருந்தார். மகளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்ததும் பிரேக் வேலையை முடித்த கையோடு ஓடியிருக்கிறார், ஒப்பம் மறந்துபோனது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் ஒழுங்காகப் பூட்டியதுதான், ஒரு குறையும் இல்லை என்றார். நான் நம்புகிறேன். பிறகு பரிசோதித்தார்கள், உண்மையிலேயே ஒரு குறையும் இல்லை. அன்று எடுத்திருந்தால் பத்துப் பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொழும்பில் இருந்திருப்பார்கள். இதை மறைக்க நான் விரும்பவில்லை. எங்கள் தொழிலின் வினை இதுதான்: தடுத்ததற்குக் காட்ட ஒரு கீறல்கூடக் கையில் இருக்காது.

மெனேஜர் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தை மேசையில் தள்ளினார். வாடிக்கையாளருக்குச் சிரமம், கம்பனிக்கு அவப்பெயர், இனிமேல் இப்படி நடந்தால் வேலையிலிருந்து நிறுத்த நேரிடும். வாசித்தேன். மறுபடி வாசித்தேன். பிறகு பேனாவை எடுத்து ஒரு இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பித் தள்ளினேன். “இந்தக் கடிதத்தில நான் ‘டி’ விமானத்தை எடுக்க மறுத்ததா எழுதியிருக்கு. நான் எடுக்க மறுத்தது ‘பி’. பிழையான கடிதத்துக்கு ஒப்பம் வைக்க ஏலாது,” என்றேன்.

மெனேஜர் கடிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார். அது இன்றுவரை வெளியே வரவில்லை. இரண்டு விமானங்களுக்கும் கோப்பின் நிறத்தை வேறாக்கும்படி அன்றே உத்தரவு போட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கதவு வரை என்னோடு நடந்து வந்தவர், கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

“கெப்டன், உங்க வீட்டுல உங்களோட எப்படித்தான் குடும்பம் நடத்துறாங்க?”

ஊர்க் கதை

வீட்டில் எனக்குக் கஷ்டமே இல்லை. என் மனைவி றிஸானா அரச அலுவலகத்தில் வேலை. அவள் மேசைக்கு முன்னால் நாளுக்கு நாற்பது பேர் நிற்பார்கள். நடந்ததைச் சொன்னதும் அவள் கேட்டது, ஒப்பம் இல்லையா, சீலும் இல்லையா என்பதுதான். சீல் எங்களுக்குக் கிடையாது என்றேன். அப்படியென்றால் அதை எப்படி ஒரு கோப்பு என்று சொல்வது என்று அவளுக்கு ஆச்சரியம்.

கஷ்டம் ஊரில்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது என் கதை எனக்கு முன்னால் வந்து நின்றது. விமானத்தில் எண்ணெய் இல்லையாம். இரவு நான் ஏதோ கெட்ட கனவு கண்டேனாம். மாமியை நிறுத்துப் பார்த்துப் பயந்துவிட்டேனாம். இந்தக் கடைசி வதந்தி அவர் காதுக்குப் போய்விடக்கூடாது என்று நான் துஆச் செய்தேன். பக்கத்து வீட்டுக் கரீம் காக்கா ஆழ்கடல் போட் வைத்திருப்பவர். அவர் மட்டும் என் தோளில் கை போட்டு, கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், அக்கறையாக முழுக் கதையையும் கேட்டார். நானும் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு, தன் போட்டின் பக்கம் திரும்பினார். அதன் நம்பர் வெயிலிலும் உப்பிலும் அழிந்து, பாதி எழுத்துத்தான் மிச்சம் இருந்தது.

“தம்பி, நீங்க கடலுக்கு வந்துராதீங்க. நாங்க ஒருத்தரும் தொழில் செய்ய ஏலா.”

மறுபடி ஹாஜியார்

சில மாதம் கழித்து மெனேஜர் போன் அடித்தார். மில் ஹாஜியார் மறுபடி விமானம் கேட்கிறாராம். மாமிக்குக் கொழும்பில் கண் ஒப்பரேஷன், வேனில் கூட்டிப்போக வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். தான் வேறு இரண்டு பைலட்மாரின் பெயரைச் சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டாராம், என்னைத்தான் கேட்கிறாராம் என்றார். குரலில் ஒரு சந்தேகம் இருந்தது. எனக்கும்தான். பழி வாங்குவதற்கு விமானம் வாடகைக்கு எடுக்கிறவரும் இருப்பாரோ?

அன்றைக்குக் கோப்பு சரியாக இருந்தது. ஒப்பமெல்லாம் இருந்தது. மாமியைக் கைபிடித்து ஏற்றி இருத்தியபிறகு, ஹாஜியாரைக் கேட்டேவிட்டேன், ஏன் என்னைத்தான் வேண்டும் என்றீர்கள் என்று. அவர் பெல்ட்டைக் கொளுவி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, தலையைச் சீட்டில் சாய்த்துக்கொண்டார்.

“நீங்க ஏலா எண்டா ஏலா எண்டு மூஞ்சிக்கே சொல்ற ஆள் தம்பி. அப்ப நீங்க ஏறிட்டீங்க எண்டா, நான் ஓதிப்போட்டு நித்திர கொள்ளலாம்.”

சொன்னபடியே ஓதினார், சொன்னபடியே கொழும்பு வரை குறட்டை விட்டார்.

எத்தனையோ தடவை மழையிலும் காற்றிலும் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன், அதைப் பற்றி எங்கள் ஊரில் ஒருவரும் ஒரு நாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை, ஓடுதளத்தை விட்டு ஓரங்குலம்கூட எழும்பாத அந்த ஒரு காலைக்குத்தான் இன்னமும் சந்திக்குச் சந்தி நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.